வெயிலுக்கு என்று எழுதிக் கொடுத்தேன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் முப்பத்தோரு வருஷம் நின்றவள் நான். நின்றவள் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் மருந்தாளுநருக்கு நாற்காலி கிடையாது. புதிதாகப் பதிவு வாங்கி வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கிற தம்பி தங்கைகள் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது, "எந்த மருந்த எடுத்துக் குடுக்கும்போது உங்களுக்கு பயமா இருக்கும், அக்கா?" என்று கேட்டார்கள். இன்சுலின் என்றோ, தூக்க மாத்திரை என்றோ சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். சன்ஸ்கிரீன் என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தது தப்பில்லை. ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு அந்த டியூப் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலேஜ் பெண்கள் கேட்கிறார்கள், பைக்கில் திருக்கோவிலூருக்கும் சேலத்துக்கும் அலைகிற விற்பனைப் பையன்கள் கேட்கிறார்கள். "போட்டா கலரு வருமா?" என்று கேட்பவர்களும் உண்டு. வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள், வியாபாரம் போனால் போகட்டும். நான் சொல்லப்போவது அதை டாக்டர் எழுதினால் மட்டும் வரவழைத்துக் கொடுத்த காலம். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஒரு தோல் டாக்டர் வந்து எங்கள் கடை மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். சிடுசிடுப்பான மனிதர். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவரிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டது.

அப்படி ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து சீட்டோடு இறங்கி வந்தார்கள் அஞ்சலையும் அவர் மகள் கோமதியும். நைனார்பாளையம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கோமதிக்கு இருபத்து மூன்று வயது. பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாதவள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுத்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தில் கண் கூசும், தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அந்த மாதிரித் தோலுக்கு வெயில் என்றால் நெருப்புதான். களை எடுக்கப் போகும்போது அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டி, காதையும் சேர்த்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போவாளாம். அப்படியும் முகத்திலும் கையிலும் கொப்புளம் வரும். கூட வேலை செய்கிற பெண்கள், "இன்னாடி, திருட வந்தவ மாதிரி மூடிக்கினு வந்துகீற?" என்று கிண்டல் செய்வார்களாம்.

டாக்டர் மேலே எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் அவர் பேசுவது மூன்று நிமிஷம். மாடிப்படி இறங்குவதற்குள் அதில் பாதி மறந்துபோகும். கவுன்டரில் நாம் சொல்கிற வார்த்தைதான் வீடு வரைக்கும் போகிறது. இதை நான் அன்றைக்கு அறியவில்லை.

அஞ்சலை டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாதும்மா?"

"வெயிலுக்குப் போடறது, அக்கா. இத பூசிக்கினா வெயில் ஒண்ணும் பண்ணாது."

இவ்வளவுதான் சொன்னேன். சொல்லிக்கொண்டே பெட்டியின் மேல் பேனாவால் 'வெயிலுக்கு' என்று எழுதினேன். காய்ச்சலுக்கு, இருமலுக்கு, வயிற்றுவலிக்கு என்று எழுதிப் பழகிய கை அது. அதன் கீழே, எல்லாக் களிம்புக்கும் எழுதுவதுபோல, எந்த வேளை போட வேண்டும் என்றும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோமதி பெட்டியைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது டியூப் வாங்க வந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மருந்து வேலை செய்திருந்தது. கொப்புளம் இல்லை. உதடு வெடிக்கவில்லை. "எரிச்சல் இல்லாம இப்பதான் படுத்து தூங்கறாம்மா. நீங்க நல்லா இருக்கணும்" என்று அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோமதி குனிந்து என்னிடம் ரகசியம்போலச் சொன்னாள். "இப்பல்லாம் துண்டு கட்டறதே இல்லக்கா. சட்டையும் போடறதில்ல. எல்லாரையும் போல ஜாக்கெட்டோடதான் வேலைக்குப் போறேன்."

அந்த நேரம் கவுன்டரில் ஆறேழு பேர் நின்றார்கள். ஒருவர் இருமல் மருந்து கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். நான் டியூபைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. நன்றாகத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அஞ்சலை மட்டும் வந்தார். சன்ஸ்கிரீன் கேட்கவில்லை.

"புண்ணுக்கு ஒரு களிம்பு குடும்மா."

"யாருக்கு?"

"கோமதிக்குத்தான். காது மேல ஒரு புண்ணு. ஆறவே மாட்டேங்குது."

என் கை தானாக அலமாரிக்குப் போய்விட்டது. சின்னப் புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கிற களிம்பு, இரண்டாவது தட்டில், இடது பக்கம். எடுத்தும் விட்டேன். கொடுத்திருந்தால் அவர் போயிருப்பார். 'ஆறவே மாட்டேங்குது' என்ற வார்த்தை மட்டும் உறுத்தியது.

"எத்தினி நாளா இருக்கு?"

"சித்திரையில வந்துச்சும்மா. கை பட்டா ரத்தம் வருது, திரும்ப பொருக்கு கட்டிக்குது. அதுமேலயும் நீங்க குடுத்ததத்தான் பூசிக்கினு கீறா. வெயிலுக்குன்னு எழுதியிருக்குதே, வெயில்ல வந்த புண்ணுதானன்னு சொல்றா."

களிம்பைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நிறமில்லாத தோலில் ஆறாத புண் என்றால் என்னவாக இருக்கலாம் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதமாக அதன் மேல் வெள்ளையாகப் பூசி மூடி வைத்திருந்திருக்கிறாள். நான் கொடுத்த மருந்து அதை யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தது.

முதலில் நான் பயந்தது எனக்காகத்தான். இதை மறைத்து எழுதினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. என் பதிவு என்ன ஆகும், கடையில் என்ன சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். முதலாளியிடம் சொன்னேன். "டாக்டரு எழுதினாரு, நாம குடுத்தோம். உனக்கு இன்னாம்மா போவுது?" என்றார். நியாயமான பேச்சுதான். அதைப் பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கோமதி அப்போது ஊரில் இல்லை. மரவள்ளிக்குக் களை எடுக்க ஒரு மேஸ்திரி பெண்களைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போயிருந்தார். அம்மாவும் மகளும் அந்தக் கூட்டத்தில் போயிருந்தார்கள். அரிசியும் மருந்தும் வாங்கத்தான் அஞ்சலை இறங்கி வந்திருந்தார். "ஞாயித்துக்கிழம அவள இட்டுக்கினு வாங்க, டாக்டர் பாக்கட்டும்" என்றேன். "வேல முடியாம அவ எறங்கமாட்டாம்மா. நான் சொன்னா கேக்கறவளா?" என்றார். இந்த ஞாயிறு போனால் இன்னும் ஏழு நாள். ஏழு நாளில் ஒன்றும் ஆகாது என்று என் மனதின் ஒரு பாதி சொன்னது. ஏற்கெனவே இரண்டு மாதம் போயிருக்கிறது என்றது இன்னொரு பாதி. மறுநாள் லீவு சொல்லிவிட்டு அஞ்சலையோடு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன்.

கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மேலே போகப் போக ஜன்னலில் குளிர்ந்த காற்று அடித்தது. நான் வெளியே அடிக்கிற வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அஞ்சலை என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, மலையில வெயில் சுடவே சுடாது. அந்த தைரியத்துலதாம்மா அவள இட்டுக்கினு வந்தேன்" என்றார். எனக்கு இன்னும் பயம் ஜாஸ்தியாகிவிட்டது. சுடுகிற வெயிலில் மனுஷன் ஒதுங்கி நிழலுக்குப் போவான். குளிர்ந்த காற்றில் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோலுக்குள் போவது போய்க்கொண்டுதான் இருக்கும். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மரவள்ளிக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தார்கள். அவளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அத்தனை தலைகளுக்கு நடுவே அந்த வெளுத்த தலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. துண்டு இல்லை. கை இரண்டும் தோளிலிருந்து திறந்து கிடந்தன. பக்கத்திலிருந்தவள் ஏதோ சொல்ல, கோமதி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

அவளை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய், குடத்துத் தண்ணீரால் காதைக் கழுவினேன். களிம்பு கரைந்து வழிந்தது. அடியில் காதின் மேல் விளிம்பில் மூக்கடலை அளவுக்கு ஒரு புண். ஓரம் தடித்து, நடுவில் குழிந்து, தண்ணீர் பட்டதுமே ரத்தம் கசிந்தது. சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "வெயிலுக்கு மருந்து போட்டுமா இப்டி ஆச்சு?" என்று கேட்டாள். நான் இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன்.

"இன்னாக்கா அது?" என்றாள் கோமதி. சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

'ஒண்ணும் இல்லம்மா' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கவுன்டரில் நின்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை. 'வெயில் ஒண்ணும் பண்ணாது' என்று இதே வாய்தான் சொன்னது.

"எனக்குத் தெரியல கோமதி," என்றேன். "தெரியாததாலதான் பயமா இருக்கு. இது நல்ல புண்ணா கெட்ட புண்ணான்னு டாக்டர்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமையே போவணும்."

"இன்னும் பத்து நாளு வேல கீதுக்கா. முடிச்சிட்டு வரனே."

"வேணாம்மா. நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். இப்ப நடுங்கிக்கினு கீறேன், பாரு." கையை நீட்டிக் காட்டினேன். உண்மையாகவே நடுங்கியது.

அவள் என் கையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "கடக்காரம்மாவே பயப்படறாங்கன்னா போயிடலாம்மா" என்றாள். நான் தைரியம் சொல்லியிருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அந்தக் காதைப் பார்த்த மாத்திரத்தில் கையுறையை மாட்டிக்கொண்டார். ஒரு துணுக்கு சதை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார். பிறகு, இத்தனை நாள் எப்படிப் பூசினாய் என்று கோமதியைக் கேட்டார். அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னை மேலே வரச் சொன்னார். அறையில் நாலைந்து நோயாளிகள் இருந்தார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

வெயிலுக்கு. காலை, இரவு. என் கையெழுத்துதான்.

"ராத்திரியில எங்கம்மா வெயில் அடிக்குது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் எழுதியிருந்ததை அவள் அப்படியே கேட்டு நடந்திருக்கிறாள். விடிகாலையில் ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. வேர்வையில் வழிந்து போன பிறகு, வெயில் கொளுத்துகிற மத்தியானம் முழுக்க அவள் தோலில் ஒன்றுமே இருந்ததில்லை. அதுவும் தீர்ந்துவிடுமே என்று பொட்டு வைப்பதுபோலத் தொட்டுப் பூசியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில் சட்டையையும் துண்டையும் கழற்றி வைத்துவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு டாக்டர் கொஞ்சம் தணிந்து பேசினார். இந்தப் புண் இந்த நாலைந்து மாத வெயிலில் வந்தது இல்லை, பிறந்ததிலிருந்து பட்ட வெயிலெல்லாம் சேர்ந்து வந்தது என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "ஆனா ரெண்டு மாசம் முன்னாடியே பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் தன் கைப்பெட்டியை மூடினார்.

முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நான் கவுன்டரில் வருகிறவர்களின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிய ஒவ்வொரு கவரையும் இரண்டு தடவை படித்தேன், பிறகு கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட்டு மூன்றாவது தடவை படித்தேன். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போய் நின்றேன்.

ஒரு புதன்கிழமை உறை வந்தது. டாக்டர் பெயருக்கு, எங்கள் கடை முகவரியில். அவர் வர இன்னும் நாலு நாள். அடுத்தவர் தபாலைப் பிரிக்கிற உரிமை எனக்கு இல்லை. நாலு நாள் அதை அலமாரியில் வைத்துக்கொண்டு உட்காரவும் முடியாது. எதிர்க்கடை எஸ்டிடி பூத்துக்குப் போய் டாக்டர் வீட்டுக்கு போன் போட்டேன். "பிரிச்சுப் படிங்க" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததை வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். மூன்றாவது வரியில் புற்றுநோய் என்று இருந்தது. முழுதும் கேட்ட பிறகு டாக்டர் சொன்னார்.

"ஆரம்ப நிலைதான். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. தனியா அனுப்பாதீங்க, நீங்களும் போங்க."

போனேன். காதின் மேல் பாதியை வெட்டி எடுத்தார்கள். கழுத்துக்கோ வேறு எங்குமோ பரவவில்லை என்று சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலை என் மடியில் தலை வைத்து அழுதார். நானும் அழுதேன். உயிர் தங்கிவிட்டது.

இதனால் அந்த மருந்து கெட்டது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கோமதிக்கு அது இன்றைக்கும் வேண்டும். ஆனால் துணி முதலில், நிழல் அதோடு கூட, களிம்பு அதற்குப் பிறகு. துணியால் மூட முடியாத இடத்துக்குத்தான் அது. வெளியே போகுமுன் தாராளமாகப் பூச வேண்டும், வேர்த்தால் திரும்பப் பூச வேண்டும், மத்தியானம் மறக்கவே கூடாது. வேர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும், சிலருக்கு அரிக்கும், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பூசிக்கொண்டால் வெப்பம் தாக்காது என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் கரும்பு வெட்டப் போகிறவரையும் நான் பார்த்திருக்கிறேன், மூங்கில்துறைப்பட்டு பக்கத்து ஆள். புண்ணின் மேல் பூசக் கூடாது, ஆறாத புண்ணை டாக்டர் பார்க்க வேண்டும். இத்தனையும் சொல்ல ஒன்றரை நிமிஷம் போதும், நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்கிறவர் கத்தினால் கத்தட்டும்.

மார்கழியில் கோமதி கடைக்கு வந்தாள். நிழலில் உட்கார்ந்து கடலை உடைக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். முழுக்கைச் சட்டை, காதை மூடிக் கட்டிய துண்டு. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி, அவள் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தேன். பிறகு பல நாளாக நெஞ்சில் இருந்ததையும் சொன்னேன். "என்ன மன்னிச்சிடு கோமதி."

அவள் திட்டுவாள் என்று பயந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க இன்னாக்கா," என்றாள். "அந்த நாலஞ்சு மாசந்தான் நான் எல்லாரையும் போல இருந்தேன். மூஞ்சில காத்து பட்டுச்சு. அத ஏன் தப்புன்றீங்க?"

நான் அவள் டியூபை எடுத்துக் கவரில் போட்டேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "துண்டு இல்லாம கொஞ்ச நேரம் போவவே கூடாதாக்கா? வெயில் எறங்கினப்புறம் கூடவா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடுவது எனக்குப் பத்திரம். வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு கட்டடத்துக்கு மேல் இன்னும் மஞ்சள் வெயில் இருந்தது.

"அஞ்சரைக்கு மேல போலாம்," என்றேன்.

"இப்ப மணி இன்னா?"

"நாலே முக்கால்."

கடை வாசல் பெஞ்சில், நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவள் போக வேண்டிய பஸ் வந்தது, போனது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே திரும்பி மணி கேட்டாள். நானும் சீட்டு பார்ப்பதும் கடிகாரம் பார்ப்பதுமாக இருந்தேன். அஞ்சரை ஆனதும் சொன்னேன். அவள் எழுந்து துண்டை அவிழ்த்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வெட்டுப்பட்ட காது எல்லாருக்கும் தெரிய, வைக்கோல் நிற முடி காற்றில் பறக்க, கூட்டத்துக்குள் மெதுவாக நடந்து போனாள். அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.